மேலே ஓடும் தண்ணீருக்கு முறை உண்டு: பவானிசாகரிலிருந்து காங்கேயம் வரை ஐந்து நாள்

முதல் நாள்: பவானிசாகர்

காலை ஆறரைக்குச் சத்தியமங்கலம் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். மாமா பையன் பைக்கோடு காத்திருந்தான். ஐந்து நாளைக்கு வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும் மச்சான் என்று சாவியைக் கொடுத்துவிட்டு அவன் பஸ் ஏறிவிட்டான்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் அண்ணனிடமிருந்து வந்த ஒரு போன். காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்தில் மூன்றாவது போரும் (ஆழ்துளைக் கிணறு) ஆடி மாதம் நின்றுபோனது. "அப்பா போட்டது ஒண்ணு, நான் போட்டது ரெண்டு. நாலாவது போட எங்கிட்டத் தெம்பில்ல தம்பி. தென்னைய வெட்டிறலாம்னு இருக்கேன்" என்றார். அப்பா நட்ட மரங்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஊருக்கு வடக்கே ஐம்பது அறுபது கிலோமீட்டருக்குள் ஓர் ஆறும், அதிலிருந்து பிரியும் இரண்டு பெரிய வாய்க்கால்களும் ஓடுகின்றன. எங்கள் தோட்டத்தில் ஆயிரம் அடி போட்டாலும் காற்றுதான் வருகிறது. நடுவில் என்னதான் நடக்கிறது? தண்ணீர் கிளம்பும் இடத்திலிருந்து எங்கள் கிணறு வரைக்கும் வந்து பார்த்துவிடுவது என்று கிளம்பிவிட்டேன். அன்றன்று பார்த்ததை அன்றன்று இரவே எழுதிப் போடுகிறேன்.

பவானிசாகர் அணையின் கரை மண்ணால் ஆனது. எட்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அந்தக் கரையைக் கீழே நின்று பார்த்தால் ஒரு குன்று படுத்திருப்பதுபோல் இருக்கிறது. நீலகிரியிலிருந்து வரும் பவானியும், காட்டுக்குள்ளிருந்து வரும் மாயாறும் கூடும் இடம் இது. 1948-ல் வேலையைத் தொடங்கி 1955-ல் முடித்தார்கள். 105 அடிக்கு நிறைந்தால் 32.8 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). நீர் நன்றாக வற்றும் வருடங்களில் மூழ்கிப்போன டணாய்க்கன் கோட்டைக் கோயில் வெளியே தெரியும் என்பார்கள். இன்று தெரியவில்லை. தண்ணீர் இருக்கிறது என்பதே மனசுக்கு நிறைவாக இருந்தது.

ஆகஸ்ட் 15-ல் கீழ்பவானி வாய்க்காலைத் திறந்தாகிவிட்டது. 200 கிலோமீட்டர் வாய்க்கால். ஈரோடு, திருப்பூர், கரூர் என மூன்று மாவட்டங்களில் 2,07,000 ஏக்கர். அத்தனைக்கும் ஒரே நேரத்தில் நெல்லுக்குத் தண்ணீர் கொடுக்க இந்த அணையால் முடியாது. அதனால் ஆயக்கட்டை, அதாவது பாசனம் பெறும் நிலத்தை, சரிபாதியாகப் பிரித்து, மதகுகளுக்கு எண் போட்டு, ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று முறை வைத்திருக்கிறார்கள்.

வாய்க்கால் கரையில் ஒரு லஸ்கர் (மதகு திறந்து மூடும் ஊழியர்) சைக்கிளை நிறுத்திவிட்டு மதகுத் திருகைப் பார்த்துக்கொண்டிருந்தார். முறை எப்படி என்று கேட்டேன்.

"ஒரு பாதிக்கு இந்தப் போகம் நெல்லுக்குத் தண்ணிங்க. 1,03,500 ஏக்கரு. மறுபாதிக்காரங்க தை வரைக்கும் பொறுக்கோணும். அவங்களுக்குக் கடலை, எள்ளு மாதிரி புஞ்சைக்கு, அதுவும் விட்டு விட்டுத்தான் வரும். அடுத்த வருசம் அப்படியே மாத்திக்குவோம்."

"யாரும் மீற மாட்டாங்களா?"

"மீறாம இருப்பாங்களாங்க? ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து திருகிட்டுப் போயிருவாங்க. ஆனா காலைல அந்தாளு கீழ் மடைக்காரன் மூஞ்சியில முழிக்கோணுமில்லீங்க. ஊருக்கே தெரிஞ்சுபோயிருமுங்க."

ஊருக்கே தெரிந்துபோகும் என்ற அந்தச் சொல்லை நோட்டில் எழுதிக்கொண்டேன். வாய்க்கால் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிற தண்ணீர். எவன் அதிகம் எடுத்தாலும் அடுத்தவன் கண்ணில் படும். முறை இவ்வளவு காலம் நிற்பதற்கு அது ஒரு பெரிய காரணம்.

இரண்டாம் நாள்: கோபி, பெருந்துறை, வெள்ளோடு

காலையில் கொடிவேரியைத் தாண்டும்போது ஒரு கால்மணி நேரம் மட்டும் நின்றேன். தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பிரியும் இடம். இவையும் காலிங்கராயன் வாய்க்காலும் சேர்ந்து பழைய ஆயக்கட்டு, கிட்டத்தட்ட 40,000 ஏக்கர். அணை வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே பாய்கிற நிலம். கோபி வயல்களைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டுவது சுகம்தான். ஆனால் நான் பார்க்க வந்தது வேறு. நேராகப் பெருந்துறைப் பக்கம் வந்து கீழ்பவானிக் கரையைப் பிடித்தேன்.

இந்த வாய்க்காலைப் பற்றி இங்கே யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஐந்து நிமிடத்தில் கான்கிரீட் என்ற சொல் வந்துவிடும். வாய்க்காலைச் சீரமைக்கச் சுமார் 710 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. மண் வாய்க்காலில் கசிந்தே பாதித் தண்ணீர் போகிறது, கடைசியில் இருக்கும் கடைமடைக்கு வருவதில்லை, கான்கிரீட் போட்டால் வந்து சேரும் என்பது ஒரு பக்கம். கசிவு நீரை நம்பித்தான் எங்கள் கிணறுகள் இருக்கின்றன, தளம் போட்டால் நாங்கள் செத்தோம் என்பது இன்னொரு பக்கம். இரண்டு தரப்பும் விவசாயிகள்தான். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம் என்று நின்ற கதையும் கேட்டேன். உண்ணாவிரதம், மறியல், நீதிமன்றம் எல்லாம் நடந்தது.

கரைக்குக் கீழே கொஞ்சம் தள்ளி ஒரு தோட்டம். களத்தில் மஞ்சள் துணி கட்டிய வேப்பமரம், பக்கத்தில் கிணறு. எழுபது வயதிருக்கும் ஓர் ஆத்தா மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். கிணற்றைப் பார்க்கலாமா என்றேன். "பாரு சாமி, அதுக்கென்ன. பாத்து நில்லு, தொட்டி விளிம்பு வழுக்கும்" என்றார்.

எட்டிப் பார்த்தேன். மேலே பத்தடி கல்கட்டு. அதற்குக் கீழே மக்கிய பாறை. அந்தப் பாறை ஆரம்பிக்கும் இடத்தில், வாய்க்கால் இருக்கும் பக்கத்துச் சுவரில் மட்டும், ஒரு முழ அகலத்துக்குக் கறுப்பாக ஈரம். பாசி படர்ந்து, நடுவில் ஒரு விரல் நுழையும் வெடிப்பு. அதிலிருந்து தண்ணீர் சொட்டவில்லை, வழிந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லாமல், சுவரோடு ஒட்டி, கண்ணாடித் தாள்போல். எதிர்ச்சுவர் உலர்ந்து வெளுத்துக் கிடந்தது.

"வாய்க்கால்ல தண்ணி விட்டு எட்டு நாளாச்சுன்னா அந்த ஊத்து ஓட ஆரம்பிச்சிரும். நிறுத்திட்டா இருபது நாள்ல கெணறு எறங்கீரும். எனக்கு ஆயக்கட்டுப் பாத்தியமெல்லாம் கெடையாது சாமி. வாய்க்கால்ல ஒரு சொட்டு நாங்க எடுக்கறதில்ல. இந்தக் கெணறுதான் நாலு மாட்டையும் ஒரு ஏக்கர் மஞ்சளையும் காப்பாத்துது."

ஆவணத்தில் இந்த ஆத்தாவுக்கு ஓர் ஏக்கர்கூடப் பாசனம் கிடையாது. பொறியியல் கணக்கில் அந்த வெடிப்பில் வழிவது இழப்பு. ஆனால் இந்த இழப்பில்தான் வாய்க்காலின் இரண்டு பக்கமும் கிணறுகளும், ஊராட்சிக் குடிநீரும், ஓடைத் தடுப்பணைகளும் உயிரோடு இருக்கின்றன.

சரி, கடைமடைக்காரர் சொல்வதும் பொய்யில்லை. மதியம் முத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரோடு போனில் பேசினேன். "நெல்லு நட்டுட்டு வானத்தைப் பாக்கறோமுங்க. எங்களுக்கு வர்ற தண்ணி நடுவுல எங்க போச்சுன்னு யாரு சொல்றது?" என்றார். அவர் கேட்பதற்கு பதில் சொல்லியாக வேண்டும். என் மனசுக்குப் படுவது இதுதான்: பலவீனமான கரையையும், இடிந்த மதகுகளையும், பாலங்களையும் உறுதியாகக் கட்டட்டும். திருட்டு எடுப்பை நிறுத்தட்டும். வாய்க்கால் அடிமட்டம் மண்ணாகவே இருக்கட்டும். கசிவு என்ற ஒன்றை வீண் என்று எழுதுவதற்கு முன்னால் அந்த ஆத்தாவின் கிணற்றை ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும்.

சாயங்காலம் வெள்ளோடு. பெரியகுளம் ஏரிக்கு மழைநீரோடு கீழ்பவானிக் கசிவும் வந்து சேர்கிறது. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். நாரையும் நீர்க்காகமும் கருவேல மரங்களில் வந்து அடைவதை இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள்: காலிங்கராயன்பாளையம், அவினாசி

பவானிக்குப் பக்கத்தில், ஆறு காவிரியில் கலப்பதற்குச் சற்று முன்னால், காலிங்கராயன் அணைக்கட்டு. 13-ஆம் நூற்றாண்டு வேலை. இங்கிருந்து கிளம்பும் வாய்க்கால் 56 மைல் வளைந்து வளைந்து போய்க் கொடுமுடிப் பக்கம் ஆவுடையார்பாறையில் முடிகிறது. காலிங்கராயன் என்பவர் பாம்பு போன தடத்தில் வெட்டினார் என்று கதை சொல்கிறார்கள். நிலத்தின் மட்டம் சட்டென்று குறையாமல் தண்ணீரைக் கூட்டிப்போக வேண்டுமென்றால் பாம்புபோல் வளைந்துதான் போக முடியும், கதை அதைத்தான் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வாய்க்கால் வெட்டியது தன் நிலத்துக்காகத்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகக் காலிங்கராயன் குடும்பத்தோடு ஊரைவிட்டே போய், பொள்ளாச்சி பக்கம் ஊத்துக்குளியில் குடியேறினார் என்றும் சொல்வார்கள். தண்ணீர் கொண்டுவருபவருக்கு அதில் பங்கு இருக்கக் கூடாது என்று நினைக்கிற ஒரு காலம் இருந்திருக்கிறது.

ஈரோட்டைத் தாண்டும்போது அந்த வாய்க்காலின் நிறத்தைப் பார்த்து வயிறு எரிந்தது. சாயமும் தோல் கழிவும் கலக்காமல் இருக்கப் பக்கத்திலேயே பேபி வாய்க்கால் என்று ஒன்று கட்டியிருக்கிறார்கள். அப்படியும் வாடை போகவில்லை. 700 வருடத்து வாய்க்காலின் கரையில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

அணைக்கட்டுக்குக் கீழே அத்திக்கடவு-அவினாசித் திட்டத்தின் முதல் நீரேற்று நிலையம். அவினாசி, அன்னூர், பெருந்துறை மேட்டு நிலத்துக்குப் பவானித் தண்ணீர் கேட்டு மூன்று தலைமுறை போராடியது. 2024 ஆகஸ்ட் 17-ல் திட்டம் தொடங்கியது. ஆற்றில் உபரி வரும்போது விநாடிக்கு 250 கன அடி வீதம் 70 நாள் எடுத்தால் 1.5 டிஎம்சி. தண்ணீர் தாழ்ந்த இடத்தில் இருக்கிறது, தேவை மேட்டில் இருக்கிறது. அதனால் ஆறு நிலையங்களில் ஏற்றி ஏற்றி, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட குழாயில் 1,045 நீர்நிலைகளுக்குக் கொண்டுபோகிறார்கள். அவற்றில் 971 சின்னஞ்சிறு குட்டைகள். பெரும்பாலானவற்றிலிருந்து நேரடிப் பாசனம் கிடையாது. குட்டையில் நிற்க வேண்டும், மண்ணுக்குள் இறங்க வேண்டும், சுற்றிலும் கிணறு ஊற வேண்டும். அதாவது நேற்று கீழ்பவானியில் எந்தக் கசிவை வீண் என்றார்களோ, அதே கசிவுக்காக இங்கே 1,916 கோடி செலவு செய்து தண்ணீரை மேடேற்றியிருக்கிறோம்! இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை.

அவினாசிக்குக் கிழக்கே ஒரு கிராமத்துக் குட்டை. முழங்கால் அளவுக்கு நிறைந்திருந்தது. சோலார் பலகையோடு அளவு காட்டும் கருவி. பையன்கள் இரண்டு பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "எங்கப்பா காலத்துல இதுல எருமை நீந்தும்பாங்க. நான் பாத்ததே இல்லீங்க. இப்பத்தான் பாக்கறேன். கிட்டத்துல மூணு கெணத்துல தண்ணி தலை காட்டிருச்சு" என்றார்.

டீ குடித்து முடிப்பதற்குள் அந்தப் பக்கமாக போர் போடும் ரிக் வண்டி ஒன்று போனது. எங்கே போகுது என்றேன். குட்டைக் கரைக்குப் பக்கத்துத் தோட்டத்துக்கு. போன மாதத்திலிருந்து இது நாலாவதாம்.

அந்த வண்டி கிளப்பிவிட்டுப் போன புழுதி அடங்கும்வரை எனக்குப் பேச்சே வரவில்லை.

நான்காம் நாள்: பொங்கலூர்ப் பக்கம், இரவு

பகலில் பெருமாநல்லூரில் நின்றேன். 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடி, துப்பாக்கிச்சூட்டில் உயிர்விட்ட மூன்று விவசாயிகளுக்கு இங்கே நினைவிடம் இருக்கிறது. விவசாய சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் கொங்கு விவசாயிகள் மாட்டு வண்டிகளோடு கோவையை நிறைத்ததும் அந்தக் காலத்தில்தான். அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியில் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லாருக்கும் இலவச மின்சாரம் வந்தது. ரத்தம் சிந்தி வாங்கியது. அதைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததும் அதனால்தான். ஆனால் மோட்டாரை எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் கேட்க ஆளில்லை என்ற நிலையும் அதோடு சேர்ந்தே வந்தது.

இரவு ஒன்பது மணிக்குப் பொங்கலூர்ப் பக்கம், பெரியப்பா வழிச் சொந்தக்காரர் தோட்டத்துக்குப் போனேன். போர் போடுகிறார்கள். அவரை நான் சித்தப்பா என்று கூப்பிடுவேன். மூன்று நாளைக்கு முன்னால் நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காய் வைத்து நடந்து, அது எழுந்து நின்ற இடத்தில் கல் நட்டிருக்கிறார். மஞ்சள் பிள்ளையார், அருகம்புல், சூடம். திருச்செங்கோட்டு வண்டி. ராடு மாட்டும் பையன்கள் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். இருபது வயதுகூட இருக்காது.

ஒரு ராடு இருபது அடி. ஒவ்வொன்று இறங்கும்போதும் சித்தப்பா தென்னை மட்டையில் கரியால் ஒரு கோடு போட்டார். நானூறு அடிக்கு மேல் ஒவ்வொரு நூறு அடிக்கும் ரேட் ஏறும். சாம்பல் நிறத் தூள் புகைபோல் எழுந்து வாழை இலையெல்லாம் வெளுத்துவிட்டது. கம்ப்ரசர் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. எல்லாரும் தூளின் நிறத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். முந்நூறில் கல் மாறியது. சிவப்புத் தூள். அப்புறம் மறுபடி சாம்பல். ஐந்நூறு. அறுநூறு. அறுநூற்று எண்பதில் தூள் கட்டிகட்டியாக வந்தது. "ஈரம், ஈரம்" என்று ஒரு பையன் கத்தினான். சித்தி வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தார்.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டார்ச் வெளிச்சம் ஆடிக்கொண்டே வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர். மூச்சு வாங்க வந்து நின்றார். "மாமா, எங்க போர்ல காத்து அடிக்குது. தண்ணி பால் மாதிரி வருது. மோட்டாரை நிறுத்திட்டு ஓடியாரேன்."

போய்ப் பார்த்தோம். இருநூறு அடி தூரம் இருக்கும். அவருடைய தொட்டியில் குழாய் வாயிலிருந்து வழிந்த தண்ணீர் வெள்ளையாகக் கலங்கி நின்றது. விரலால் தொட்டு டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். சித்தப்பா தோட்டத்தில் பறந்துகொண்டிருந்த அதே சாம்பல் தூள். இங்கே அடித்த காற்று, அறுநூறு அடிக்குக் கீழே பாறை வெடிப்பு வழியாகப் போய், அங்கே வெளியே வந்திருக்கிறது. நடுவில் வேலி இருக்கிறது, பட்டா இருக்கிறது, சர்வே கல் இருக்கிறது. அடியில் எதுவும் இல்லை.

யாரும் சண்டை போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பக்கத்துக்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "சரி மாமா, உங்களுக்கும் வேணுமில்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அடுத்த வருடம் அவர் இன்னும் இருநூறு அடி இறக்குவார். அது அவருக்கும் தெரியும், சித்தப்பாவுக்கும் தெரியும்.

ஆயிரத்து நூறு அடியில் நிறுத்தினார்கள். வந்த தண்ணீர் ஒரு இஞ்சுக்கும் குறைவு. சித்தப்பா தென்னை மட்டையைத் திருப்பிக் கோடுகளை எண்ணினார். ஐம்பத்தைந்து.

தூக்கம் வராமல் கட்டிலில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். இந்தப் பக்கம் வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொண்டால், ஓர் ஏக்கரில் விழுவது சுமார் 24 லட்சம் லிட்டர். இந்த மாதிரிக் கெட்டிப் பாறை பூமியில் பத்தில் ஒரு பங்கு அடியில் இறங்கினாலே அதிகம். அதாவது 2.4 லட்சம் லிட்டர். ஏக்கருக்கு 70 தென்னை, சொட்டுநீரில் மரத்துக்கு ஒரு நாளைக்கு 80 லிட்டர், மழை நாள் போக 250 நாள்: 14 லட்சம் லிட்டர். ஓர் ஏக்கர் தென்னை, கிட்டத்தட்ட ஆறு ஏக்கரில் இறங்கும் மழையைக் குடிக்கிறது. சொட்டுநீர் போட்ட பிறகும்! சொட்டுநீர் நல்லதுதான். ஆனால் அதில் மிச்சமான தண்ணீரில் இன்னும் ஓர் ஏக்கர் தென்னை வைத்தால் என்ன மிச்சம்?

2020-ல் தமிழ்நாட்டை 1,166 ஃபிர்காக்களாக, அதாவது வருவாய் உள்வட்டங்களாக, பிரித்து நிலத்தடி நீரைக் கணக்கிட்டார்கள். அந்த மதிப்பீட்டில் 435 ஃபிர்காக்கள் ஊறுவதைவிட அதிகமாக எடுப்பவை. நிலத்தடி நீருக்கென்று 2003-ல் ஒரு சட்டம் இயற்றினார்கள். அது நடைமுறைக்கே வராமல் 2013-ல் ரத்தானது. என் நிலத்துக்குக் கீழே இருப்பது என் தண்ணீர் என்ற எண்ணம் அப்படியேதான் இருக்கிறது. மேலே ஓடும் தண்ணீருக்கு ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று முறை வைத்தோம். கீழே ஓடும் தண்ணீருக்கு முறையே இல்லை.

முடியாத காரியமும் இல்லை. மகாராஷ்டிரத்தில் ஹிவ்ரே பாஜார் என்ற ஊரில் வருடா வருடம் மழை எவ்வளவு என்று பார்த்துவிட்டு, கிராம சபையில் உட்கார்ந்து, இந்த வருடம் என்ன பயிர் என்று முடிவு செய்கிறார்கள். பாசனத்துக்கு போர் போடக் கூடாது, கரும்பு வாழை வைக்கக் கூடாது என்று ஊரே கட்டுப்பாடு வைத்திருக்கிறது. பிரிவதற்கு முந்தைய ஆந்திராவில் ஏழு வறட்சி மாவட்டங்களில் விவசாயிகளே தங்கள் போர்களின் நீர்மட்டத்தை அளந்து, ஊர்ச் சுவரில் எழுதிப் போட்டார்கள். எடுக்காதே என்று யாரும் அவர்களுக்கு உத்தரவு போடவில்லை. எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகு அவர்களாகவே நெல்லைக் குறைத்தார்கள். பவானிசாகர் லஸ்கர் சொன்ன அதே விஷயம். ஊருக்குத் தெரிய வேண்டும்.

ஐந்தாம் நாள்: எங்கள் தோட்டம்

காங்கேயத்தை நெருங்க நெருங்கக் கிளுவை வேலிகள். கொறங்காடு, அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலமும், அங்கங்கே வேலிக்குள் காங்கேயம் மாடுகளும். ஒரு பொட்டுப் பாசனம் இல்லாமல் மழையை மட்டும் நம்பி இந்த மண்ணில் பிழைக்க எங்கள் பாட்டன்மார் கண்ட வழி இது. சின்ன வயதில் கொறங்காடு வைத்திருப்பவர்களை வசதியில்லாதவர்கள் என்று நினைத்திருக்கிறேன். இன்று அந்த வேலி ஓரம் வண்டியை நிறுத்தி வெகுநேரம் பார்த்தேன்.

அண்ணன் களத்தில் இருந்தார். சாப்பிட்டு முடித்ததும் பீரோவிலிருந்து தாத்தா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்துத் தரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டுக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். மடிப்பில் கிழிந்திருந்தது. கிணறு பற்றிய வரியை விரல் வைத்துப் படித்தேன்: கிணற்றில் பொதுவில் நாலில் ஒரு பாகமும், நாலு நாளைக்கு ஒரு நாள் முறைப்படி தண்ணீர் இறைத்துப் பாய்ச்சிக்கொள்ளும் பாத்தியமும், வாய்க்கால் வழிநடைப் பாத்தியமும்.

நாலு அண்ணன் தம்பி, ஒரு கிணறு. அறுபத்தைந்து அடி. மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த காலத்திலும், அப்புறம் மோட்டார் வந்த பிறகும் அந்த முறை நடந்திருக்கிறது. திங்கட்கிழமை எங்கள் முறை. அம்மா திங்கட்கிழமை விரதம்கூட இருக்க மாட்டார், தண்ணீர் கட்ட வேண்டுமே என்று. முதலில் பெரியப்பா தனியாக போர் போட்டார். முறைக்குக் காத்திருக்க வேண்டாமே என்று. அடுத்த வருடம் அப்பா. அப்புறம் மற்ற இரண்டு வீடும். கிணறு வற்றியது எந்த வருடம் என்று யாருக்கும் சரியாக ஞாபகமில்லை. அதற்குள் யாரும் அதை எட்டிப் பார்ப்பதையே விட்டிருந்தார்கள்.

"நாலு வீட்டுலயும் சேத்து இதுவரைக்கும் எத்தனை போர்?" என்றேன்.

அண்ணன் விரல் விட்டு எண்ணினார். "பதினொண்ணு."

"ஓடறது?"

"ரெண்டு. பெரியப்பா ஊட்டுது ஒண்ணு, கடைசிச் சித்தப்பாது ஒண்ணு. அதுவும் அரைமணி நேரம் ஓடுனா காத்து."

சாயங்காலம் பெரியப்பா பையனும் சின்னவர்களும் வந்தார்கள். நான் நோட்டை எடுத்து நான்கு நாள் பார்த்ததை எல்லாம் சொன்னேன். ஆத்தா கிணற்றைச் சொன்னேன். பால்போல் கலங்கிய தொட்டியைச் சொன்னபோது பெரியப்பா பையன் தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் மூன்றாவது போர் நின்றது அவர் தன்னுடையதை ஆழமாக்கிய மாதம்தான். அதை அண்ணன் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை.

பேசிப் பேசி ஒன்பது மணி ஆனது. எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டார்கள் என்று சொன்னால் அது பொய். ஓடுகிற இரண்டு போரை நாலு வீட்டுக்கும் முறை வைக்கலாம் என்ற பேச்சு தொங்கலில் நிற்கிறது. கடைசிச் சித்தப்பா வீட்டில் கேட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். ஆனால் மூன்று காரியம் முடிவானது. புதிதாக யாரும் போர் போடுவதில்லை, இரண்டு வருடத்துக்கு. எங்கள் தென்னையில் காய்ப்பு நின்றுபோன முப்பது மரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சோளத் தட்டுக்கு விடுவது. பழைய கிணற்றுக்கு ஓடை மழைத் தண்ணீரைத் திருப்புவது. சேறு நேரே இறங்காமல் இருக்க ஓரத்தில் குழி வெட்டி, அடியில் பெருங்கல், மேலே ஜல்லி, அதற்கு மேல் மணல் போட வேண்டும். ஐப்பசிக்கு முன்னால் முடிக்க வேண்டும். சின்னவன் ஜேசிபிக்குச் சொல்லியிருக்கிறான்.

படுக்கப் போவதற்கு முன்னால் நானும் அண்ணனும் நின்றுபோன மூன்றாவது போருக்குப் போனோம். மோட்டாரை ஏற்கெனவே உருவியிருந்தார்கள். மோட்டாரைக் கட்டித் தொங்கவிட்ட நைலான் கயிறு ஷெட்டில் சுருண்டு கிடந்தது. அதன் நுனியில் ஒரு போல்ட்டைக் கட்டி இறக்கினோம். கை வலிக்கும்வரை இறங்கிக்கொண்டே போனது. அடி தட்டியதும் மேலே இழுத்து, நனைந்த பாகத்தை டேப் வைத்து அளந்தோம். அண்ணன் டார்ச் பிடித்தார். நான் ஷெட் சுவரில் கரியால் எழுதினேன்.

ஆவணி 15. போர் 980 அடி. தண்ணீர் 35 அடி. கிணறு 65 அடி. தண்ணீர் இல்லை.

அடுத்த அளவு புரட்டாசி 15. பெரியப்பா பையன் தன்னுடையதையும் அளந்து இதே சுவரில் எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.